பாதம் நிற்கும் இடம்

எங்கள் பாதநலப் பிரிவுக்கு ஒரு நாள் காலையில், அறுபது வயதை நெருங்கும் பால்காரர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர். அவருடைய செருப்பில் ஈரம் ஒட்டியிருந்ததைக் கண்டு, மனைவி வற்புறுத்தி அனுப்பியிருந்தார். வலது பாதத்தின் அடியில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு புண் இருந்தது. "வலியே இல்லீங்க" என்று அவர் சொன்னதுதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்தது. அத்தகைய புண்ணில் வலி இல்லையென்றால், அந்தப் பாதம் உணர்ச்சியை இழந்துவிட்டது என்று பொருள்.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நாம் வழக்கமாகக் காணும் புண், எலும்பு அழுந்தும் இடத்தில் வட்டமாக இருக்கும். இதுவோ பாதத்தின் குறுக்கே கோடு இழுத்தாற்போல நீண்டிருந்தது. "ஐயா, சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று எங்கள் செவிலியர் கேட்டார். "அதுதானேம்மா என் பிழைப்பு" என்றார் அவர். வண்டியைக் கொண்டுவந்து காட்டும்படி மகனிடம் சொன்னோம்.

மறுநாள் வண்டி வந்தது. இருபுறமும் பால் கேன் மாட்டும் கொக்கிகள், துடைத்து எண்ணெயிட்ட செயின், நல்ல மணி என எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. வலப்பக்கப் பெடலில் மட்டும் ரப்பர்க் கட்டைகள் இரண்டையும் காணவில்லை. நடுவிலுள்ள இரும்புத் தண்டு மட்டும் தேய்ந்து பளபளத்தது. அதன் மேல்தான் பாதத்தை ஊன்றி, கேன்களின் பாரத்தோடு நாள்தோறும் மிதித்திருக்கிறார். "ஒரு கட்டை போனப்போ இன்னொண்ணு இருக்கேன்னு ஓட்டினேன். அதுவும் போனப்போ தண்டு இருக்கேன்னு ஓட்டினேன்" என்றார்.

அந்தப் புண்ணுக்குப் பெடல் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. சர்க்கரை நோயால் பாதத்தின் நரம்புகள் பழுதுபட்டிருந்தன. ஆயினும், அகன்ற கட்டையின் மேல் பரவ வேண்டிய அழுத்தம் விரல் பருமனுள்ள தண்டின் மேல் குவிந்தபோது, அதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய வலி வரவில்லை. நலமான பாதமாக இருந்தால் முதல் நாளே நொந்து, கடைக்குப் போகச் சொல்லியிருக்கும்.

மிதிவண்டி ஓட்டுவதை நம் நோயாளிகள் பலருக்கு நாமே பரிந்துரைக்கிறோம். உடலின் எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால், நடப்பதைவிட முழங்கால் மூட்டுகளுக்கு அது இதமானது. அவ்வாறு பரிந்துரைக்கும் நாம், பாதம் எதன் மேல் நிற்கப்போகிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதற்காகவே இக்கட்டுரை.

பிடிமானமும் விடுதலையும்

வண்டியின் உறுப்புகளுள் உடலைத் தொடுபவை மூன்றே: கைப்பிடி, இருக்கை, பெடல். இவற்றுள் பெடல் ஒன்றுதான் உடலோடு சேர்ந்து ஓயாமல் இயங்குவது. ஒரு நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பவர், அரைமணி நேரப் பயணத்தில் ஒவ்வொரு காலாலும் 1,800 முறை அழுத்துகிறார். நூறு முறையில் தெரியாத சிறு கோளாறு ஆயிரம் முறையில் நோவாகும்.

நல்ல பெடலுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். மிதிக்கும்போது பாதம் வழுக்காமல் இருக்க வேண்டும், இது பிடிமானம். நாயோ குழந்தையோ குறுக்கே வந்தால், அந்தக் கணமே பாதம் பெடலை விட்டுத் தரையில் ஊன்ற வேண்டும்; இது விடுதலை. பந்தய வீரர்கள் பிடிமானத்தை மிகுதியாக நாடுவார்கள். சந்தைக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் வண்டியில் செல்பவர்களுக்கு இரண்டும் சமமாக வேண்டும். நோயிலிருந்து தேறிவருபவர்களுக்கோ விடுதலை ஒரு படி கூடுதலாகவே வேண்டும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

*ரப்பர்க் கட்டைப் பெடல்.* பழைய கனத்த வண்டிகளில் தொன்றுதொட்டு வருவது. தண்டின் இருபுறமும் ஒவ்வொரு ரப்பர்க் கட்டை இருக்கும். செருப்பணிந்த காலுக்கும் மெல்லிய அடித்தோலுக்கும் இது மிக இதமானது. கட்டையின் மேலுள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பானால் மழைநாளில் வழுக்கும். அந்நிலையில் அதை மாற்றிவிட வேண்டும்.

*நெகிழித் தட்டைப் பெடல்.* பள்ளி மாணவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது. எடை குறைவு, விலையும் குறைவு. ஆயினும் மலிவானவற்றில் மிதிக்கும் பரப்பு குறுகலாக இருக்கும். ஓரங்கள் விரைவில் உடையும். உடைந்த ஓரம் கத்தி போன்றது. அதே நெகிழியில், உள்ளங்கை அளவு அகன்று, மேற்பரப்பில் சிறு குமிழ்களோடு வார்க்கப்பட்ட உறுதியான வகையும் உண்டு. சுமார் 10 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள அத்தகைய பெடல் அன்றாடப் பயணத்துக்கு மிகப் பொருத்தமானது.

*பல் வைத்த இரும்புச் சட்டகம்.* இதன் விளிம்பில் ரம்பம் போன்ற பற்கள் இருக்கும். கெட்டியான அடிப்பாகமுள்ள காலணிக்கு இது நன்றாகப் பிடிக்கும். மெல்லிய செருப்பில் அந்தப் பற்கள் பாதம்வரை அழுத்தும்.

*முள்ளாணி பதித்த அலுமினியத் தட்டை.* மலைச்சரிவில் ஓட்டுபவர்களுக்காக ஆக்கப்பட்டது. பார்க்க அழகாகவும் இருக்கும். கால் நழுவினால் பெடல் சுழன்று வந்து முன்காலில் மோதும். அப்போது அந்த முள்ளாணிகள் தோலைக் கிழித்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும், சர்க்கரை நோயாளிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

*வாரும் கூண்டும் உள்ளவை, காலணியோடு பூட்டிக்கொள்பவை.* முதல் வகையில் விரல்களை ஒரு கூண்டுக்குள் நுழைத்து வாரால் இறுக்க வேண்டும். இரண்டாம் வகையில், காலணியின் அடியிலுள்ள கொளுவி பெடலில் பூட்டிக்கொள்ளும்; குதிகாலை வெளிப்புறமாகத் திருகினால்தான் விடும். இவை நெடுந்தொலைவு செல்வோருக்கும் பந்தயத்தாருக்கும் உரியவை. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அறுவை மருத்துவரின் அனுமதியின்றி இந்தத் திருகலுக்கு முழங்காலை உட்படுத்தலாகாது.

எந்த வகையை வாங்கினாலும், அதன் முன்னும் பின்னும் மஞ்சள் நிறத்தில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகள் உள்ளனவா என்று பாருங்கள். பின்னால் வரும் வாகனத்தின் விளக்கு பட்டதும் அவை மேலும் கீழுமாக மின்னும். முன்னே செல்வது மிதிவண்டி என்பதை ஓட்டுநர் அந்த அசைவாலேயே அறிந்துகொள்வார்.

யாருக்கு எது?

*பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள்.* அகன்ற ரப்பர்க் கட்டையோ, குமிழ்கள் கூர்மையாக இல்லாத அகன்ற நெகிழித் தட்டையோ ஏற்றது. வெறுங்காலோடு ஒருபோதும் மிதிக்க வேண்டாம். ரப்பர்ச் செருப்பும் போதாது. காலிலிருந்து அது கழன்று விழுந்ததே பலருக்குத் தெரிவதில்லை. பாதநலப் பிரிவில் நாங்கள் அளிக்கும் எம்.சி.ஆர். செருப்பைப் பின்வாருடன் அணியுங்கள். அதன் அடிப்பாகம் மென்மையானது என்பதால், பல் வைத்த பெடலும் முள்ளாணிப் பெடலும் அதைக் குடைந்துவிடும். காலணிக்குள் கல்லோ ஆணியோ இல்லையென்று கையை விட்டுப் பார்த்த பிறகே அணியுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பார்வை குறைந்தவர்களுக்கு வீட்டில் உள்ளவர் பார்த்துச் சொல்லட்டும். உணர்ச்சி செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். பாதத்தின் அடியில் திறந்த புண் இருந்தால், அது ஆறி மருத்துவர் சொல்லும்வரை வண்டி வேண்டாம்.

*முழங்கால் மூட்டு தேய்ந்தவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள்.* பெடலை ஒரு முழுச் சுற்று சுற்ற முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். அதனால்தான் இயன்முறை மருத்துவப் பிரிவின் நிலைமிதிவண்டியில் முதலில் முன்னும் பின்னுமாக அரைச்சுற்று ஆட்டச் சொல்கிறோம். மடக்கம் கூடிய பிறகே முழுச்சுற்று. பெடலைத் தாங்கும் கிராங்க், பெரியவர்களின் வண்டியில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதைவிடக் குட்டையான கிராங்க் மாட்டினால் முழங்கால் மடங்க வேண்டிய அளவு குறையும். இவர்கள் பாதத்தைச் சற்றே இப்புறம் அப்புறம் திருப்பி வைத்துக்கொள்ள இடம் தரும் அகன்ற தட்டைப் பெடலே நல்லது. அவரவர் மூட்டுக்கு இதமான கோணத்தைப் பாதம் தானே தேடிக்கொள்ளும்.

*பக்கவாதத்திலிருந்து தேறிவருபவர்கள்.* பாதத்தின் முன்பகுதியைத் தூக்க இயலாமல் அது தொங்கினால், பெடலிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். பழைய டியூபைக் கீறிக் காலைப் பெடலோடு கட்டிக்கொண்டு ஓட்டியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஓட்ட வேண்டும் என்ற அவர்களின் ஆவல் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கட்டு மிகவும் ஆபத்தானது. வண்டி சாயும்போது கட்டிய கால் தரையில் ஊன்றாது; இடுப்பெலும்பு முறிய ஒரு விழுகையே போதும். பாதத்தை வாரால் பிணைப்பது, நிலையாக நிற்கும் உடற்பயிற்சி வண்டியில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே தகும். சாலையில் செல்ல விரும்புபவர்கள் மூன்று சக்கர மிதிவண்டி பற்றி இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

பாதத்தை எங்கே வைப்பது?

பெருவிரலுக்குப் பின்னுள்ள மேட்டுப் பகுதி, பெடலின் நடுத்தண்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். உள்ளங்காலின் குழிவில் வைத்து மிதிப்பவர்களுக்குக் கணுக்கால் சரிவர இயங்காது. விரல் நுனியால் மிதிப்பவர்களுக்குக் கெண்டைக்கால் இறுகும். இந்த விதிக்கு விலக்கும் உண்டு. அந்த மேட்டுப் பகுதியில் முன்பு புண் வந்து ஆறியவர்களும், குதிகால் நரம்பில் காயம்பட்டவர்களும் பாதத்தைச் சற்று முன்தள்ளி வைக்க நேரலாம். எவ்வளவு என்பதை மருத்துவர் காட்டுவார்.

இருக்கையின் உயரமும் இதனோடு சேர்ந்ததே. பெடல் தாழ்நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்மேட்டை வைத்தால், முழங்கால் 25 முதல் 35 பாகைவரை மடங்கியிருக்கும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும். மிக உயர்ந்திருந்தால் பெடலை எட்ட இடுப்பு இருபுறமும் ஆடும். நீண்ட இடைவெளிக்குப் பின் ஓட்டத் தொடங்குபவர்கள் மட்டும், இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படும் அளவுக்கு முதலில் இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு, நம்பிக்கை வர வர உயர்த்தலாம்.

பெடலை மாற்றும்போது

பெடல்களை எப்போதும் இணையாகவே மாற்றுங்கள். ஒன்று புதிதும் மற்றொன்று தேய்ந்ததுமாக இருந்தால் இரு கால்களும் வெவ்வேறு உயரத்தில் மிதிக்கும். இப்போதுள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெடல் தண்டின் குறுக்களவு 9/16 அங்குலம். சிறுவர் வண்டிகள் சிலவற்றிலும் சில பழைய வண்டிகளிலும் அது அரை அங்குலமாக இருக்கும். ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. ஆதலால் வண்டியையோ பழைய பெடலையோ கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வீட்டிலேயே மாற்ற விரும்பும் பிள்ளைகள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வலப்பெடலின் மரை வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும். இடப்பெடலின் மரை இடஞ்சுழியாக இறுகும். தண்டின் முனையில் இடத்துக்கு 'எல்' என்றும் வலத்துக்கு 'ஆர்' என்றும் பொறித்திருப்பார்கள். குழப்பமாக இருந்தால் எளிய வழி உண்டு: பெடல் தண்டிலிருந்து ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, அதை வண்டியின் முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் எந்தப் பக்கமும் இறுகும், பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் எந்தப் பக்கமும் கழலும். பெரும்பாலான பெடல்களுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். முரண்டு பிடித்தால் வற்புறுத்தாதீர்கள். கோணலாக ஏறிய மரை கிராங்கையே கெடுத்துவிடும்.

மீண்டும் தொடங்குபவர்களுக்கு

சிறுவயதில் தந்தையின் வண்டியில் பாருக்கு அடியே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் பழக்கத்தை உடல் மறப்பதில்லை. ஆயினும் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்குச் சமநிலை குன்றியிருக்கும். கால்களின் வலுவும் குறைந்திருக்கும். நேராகச் சாலைக்குச் செல்வது தகாது.

இதற்கு ஒரு பழைய வழி உதவுகிறது. 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. தரையைக் காலால் உந்தியே அவர் சென்றார். முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் பாரிசில் பரவியது 1860களில்தான். அதாவது, சமநிலையை மனிதர் முதலிலும் மிதிப்பதைப் பிறகும் கற்றனர். மீண்டும் தொடங்குபவரும் அவ்வரிசையிலேயே செல்லலாம். மருத்துவர் அனுமதித்த பின், இரு பெடல்களையும் கழற்றி, இருக்கையைத் தாழ்த்தி, வாகனம் வராத சமதளமான இடத்தில், துணைக்கு ஒருவர் உடன்வரக் காலால் உந்திச் செல்லுங்கள். இரு பாதங்களையும் தூக்கியபடி சில வினாடிகள் வண்டி ஆடாமல் உருளத் தொடங்கியதும் பெடல்களை மாட்டிக்கொள்ளலாம். அவசரம் வேண்டாம். ஒருவருக்கு இரண்டு நாளில் வருவது மற்றொருவருக்கு இரண்டு வாரத்தில் வரும்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

வண்டி ஓட்டுபவருக்குப் பெடலின் கேடு கண்ணில் படுவதில்லை. சிறிது சிறிதாகத் தேய்வதால் பாதமும் அதற்குப் பழகிப்போகிறது. ஆகவே மாதம் ஒருமுறை வீட்டில் வேறொருவர் பார்ப்பது நலம். ஐந்து நிமிடம் போதும்.

1. கட்டையோ தட்டையோ முழுமையாக உள்ளதா? உடைந்த ஓரம், வெளியே நீட்டிய கம்பி, வழவழப்பான பரப்பு உண்டா?

2. பெடலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் உள்ளேயுள்ள குண்டுகள், அதாவது கடைக்காரர்கள் சொல்லும் பால்ரஸ், தேய்ந்திருக்கக்கூடும். கிராங்கும் சேர்ந்து ஆடினால் கோளாறு அங்கே. இரண்டையும் கடையில் காட்டுங்கள்.

3. பெடலை விரலால் சுழற்றுங்கள். கரகரப்பின்றிச் சுழல வேண்டும்.

4. வண்டியின் பின்னால் நின்று, பெடல்களைப் பின்னோக்கிச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். பெடல் தட்டு மட்டமாக நிற்காமல் நெளிந்தால் தண்டு வளைந்திருக்கிறது. வளைந்த பெடல் ஒவ்வொரு சுற்றிலும் கணுக்காலையும் முழங்காலையும் முறுக்கும்.

5. வேட்டி, புடவை, துப்பட்டா ஆகியவை செயினில் சிக்காதபடி செயின் மூடி இருக்கிறதா?

வீட்டில் பேத்திக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியைத் தாத்தா எடுத்துச் செல்வதும் உண்டு. அவ்வாறாயின் இருக்கையின் உயரத்தையும் பெடலின் பரப்பையும் தாத்தாவின் காலுக்கு ஏற்றதாகவும் ஒருமுறை பாருங்கள். பதினாறு வயதுப் பாதத்துக்குப் போதுமானது அவருடைய பாதத்துக்குப் போதாமல் இருக்கலாம்.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட பால்காரரின் புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. அதுவரை அவர் வண்டியைத் தொடவில்லை. மகனே வீடு வீடாகப் பால் ஊற்றினார். புண் ஆறி, மருத்துவர் அனுமதித்த நாளில், இரு பக்கமும் புதிய ரப்பர்க் கட்டைகள் மாட்டிய வண்டியோடு அவர் வந்தார். பின்வார் வைத்த செருப்பு காலில் இருந்தது. உணர்ச்சி அந்தப் பாதத்துக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவுமில்லை. இரவு தோறும் அவர் மனைவி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாதத்தைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெடலையும் பார்க்கிறாராம்.

அடுத்த முறை பரிசோதனைக்கு நீங்கள் மிதிவண்டியில் வருவதாயிருந்தால், வண்டியை நிறுத்தத்தில் விட்டுவிட்டு வரும்போது அதையும் எங்களிடம் சொல்லுங்கள். பாதத்தைப் பார்த்த பின், அது நிற்கும் இடத்தையும் ஒருமுறை வந்து பார்க்கிறோம்.